முப்பத்தொரு வருட இஞ்சாரும்

உலகத்தில் ஏழாயிரம் மொழிகள் இருக்கின்றனவாம். அவற்றுள், கட்டிய மனைவியை எப்படிக் கூப்பிடுவது என்ற சிக்கலைத் தீர்த்து வைத்த மொழி ஒன்றே ஒன்றுதான். அது தமிழ். தமிழிலும் யாழ்ப்பாணத் தமிழ். யாழ்ப்பாணத் தமிழிலும், நேர்மையாகச் சொல்லப்போனால், கரவெட்டித் தமிழ்.

இது இரத்தினவேலின் கண்டுபிடிப்பு. டொரொன்ரோவின் வெக்ஸ்போர்ட் மூத்தோர் மன்றத்தின் ஆனி மாதக் கூட்டத்தில், வடை வருவதற்குச் சற்று முன்னால், ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் இதை உலகுக்கு அறிவித்தார். உலகின் சார்பில் அன்று முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள்.

"வெள்ளைக்காரன் பெண்சாதியைத் தேன் எண்டுறான், சீனி எண்டுறான். அவ என்ன, பலசரக்குக் கடையோ? நாங்கள் என்ன சொல்லுறம்? இஞ்சாரும்! அவ்வளவுதான். இஞ்ச பாரும் எண்டு அர்த்தம். அதில பேர் இல்லை, பட்டம் இல்லை, சீனி இல்லை. தனி மரியாதை. முப்பத்தொரு வருசமா என்ர வாயால அவவின்ர பேர் வந்ததில்லை. ஒருக்காத்தன்னும் வந்ததில்லை!"

மண்டபம் கைதட்டியது. மூன்றாம் வரிசையில், மடியில் பெரிய தோள்பையோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி புனிதவதியும் தட்டினார். தட்டும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை இரத்தினவேல் பார்க்கவில்லை. வடை வந்துவிட்டது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நீக்கிலாஸ் சாப்பிட வந்தான்.

நீக்கிலாஸ் ஜேர்மன்காரன். டோர்ட்முண்டில் பிறந்து, டொரொன்ரோவில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறவன். அதே பிரிவில் வேலை செய்யும் நிலாணி, இரத்தினவேலுக்கும் புனிதவதிக்கும் ஒரே பிள்ளை. இரண்டு பேரும் விரும்புகிறார்கள் என்ற செய்தி பிக்கரிங் வீட்டுக்குள் நுழைந்தபோது, இரத்தினவேல் எட்டு மாதம் யோசித்தார். தன் நிலக்கீழ் அறையில் பத்தொன்பது வருடமாகப் பழுதாகாமல் இருக்கும் துளையிடும் இயந்திரம் ஜேர்மனியில் செய்தது என்பது ஒன்பதாவது மாதம் அவர் நினைவுக்கு வந்தது. சம்மதித்தார். அடுத்த வாரம் சனிக்கிழமை நிச்சயதார்த்தம். மண்டபம் பிடித்தாயிற்று. மாப்பிள்ளையின் தாய் தகப்பன் வியாழக்கிழமை விமானத்தில் வந்து இறங்குகிறார்கள்.

பையன் இணையத்தில் தமிழ் படித்திருந்தான். கற்பித்தவர் நல்ல பண்டிதர் போலும். அவன் பேசினால் செய்தி வாசிப்பது போல இருக்கும். "புட்டு மிகச் சுவையாக இருக்கிறது, மாமி" என்றான். புனிதவதி இன்னும் இரண்டு அகப்பை போட்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஷ்னெக்கெ," என்றான் நீக்கிலாஸ், நிலாணியைப் பார்த்து. "அந்தச் சம்பலை இந்தப் பக்கம் தருகிறாயா?"

நிலாணி கொடுத்தாள். இரத்தினவேல் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"தம்பி, இப்ப என்ன சொன்னனீர்?"

"சம்பல், மாமா."

"அதுக்கு முன்னம்."

"ஓ, ஷ்னெக்கெ." பையனின் முகம் மலர்ந்தது. மாமனார் தன் மொழியில் அக்கறை காட்டுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். "அதன் பொருள் நத்தை, மாமா."

"நத்தையோ?"

"ஆம். முதுகில் வீட்டைச் சுமந்து செல்லும் சிறிய உயிரினம். ஈரமான இடங்களில் வாழும்."

இரத்தினவேலின் கையில் இருந்த புட்டு, வாய்க்கும் சாப்பாட்டுக் கோப்பைக்கும் நடுவில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. தன் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் பதக்கம் எடுத்த பிள்ளை. ஈரமான இடங்களில்.

"அப்பா, அது ஜஸ்ற் செல்லமாச் சொல்லுறது," என்று நிலாணி அவசரமாகக் குறுக்கிட்டாள். "அங்க எல்லாரும் அப்பிடித்தான். முயல் எண்டுவினம், கரடி எண்டுவினம். இவர் சில நேரம் என்னை மௌஸெட்ஸான் எண்டும் கூப்பிடுவார்."

"அது என்னது?"

இந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது.

"எலிப்பல், மாமா," என்றான் நீக்கிலாஸ், பண்போடு.

இரத்தினவேலுக்குப் புரையேறியது. புனிதவதி தண்ணீர் கொடுத்தார், முதுகில் தட்டினார், பையன் எழுந்து நின்று முதலுதவி தெரியும் என்றான். அதையும் செய்தி வாசிப்பது போலவே சொன்னான்.

அவன் போன கார் தெருமுனையில் திரும்புவதற்கு முன்னமே தீர்ப்பு வந்துவிட்டது.

"உந்தக் கலியாணம் நடவாது. வியாழக்கிழமை பிளேன் ஏற வேண்டாம் எண்டு சொல்லு."

"அப்பா, ஆர் யூ சீரியஸ்?"

"எலிப்பல்லு எண்டுறான்! அந்தப் பல்லுக்கு ரண்டு வருசம் கம்பி போட்டு, மாசம் மாசம் கூட்டிக்கொண்டு திரிஞ்சவன் நான். என்ர பிள்ளையின்ர வாயில எலியோ இருக்கு?"

"நீங்கள் கிரேட் எய்ட் வரைக்கும் என்னைக் குஞ்சு எண்டுதானே கூப்பிட்டனீங்கள். அது லிற்றரலி கோழிக்குஞ்சு."

"அது பிள்ளையைக் கொஞ்சிறது. இது கட்டப்போற மனுசி. மனுசிக்கு ஒரு மரியாதை வேணும். இண்டைக்கு நத்தை எண்டவன் நாளைக்கு என்ன சொல்லுவான்? அட்டை எண்டுவான்!"

நிலாணி அழவில்லை, அதுதான் இரத்தினவேலுக்குப் பயமாக இருந்தது. அவள் கோப்பைகளை எடுத்து அடுக்கியபடியே சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயில் தேர். அவரும் வாறார். தேர் முடிய நீங்களே அவருக்கு முகத்துக்கு நேர சொல்லுங்கோ. நான் சொல்ல மாட்டன்."

"சொல்லுறன். எனக்கென்ன பயமோ?" என்றார் இரத்தினவேல்.

மறுநாள் காலை, வலுவான சாட்சி ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. டோர்ட்முண்டில் அவருடைய சொந்தத் தம்பி அருள்நாயகம் முப்பத்துமூன்று வருடமாக இருக்கிறார். கோயில் சபையில் பொருளாளர். அவர் மனைவி ரோகிணி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அதிபர். இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? இரத்தினவேல் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாத்தி நிறுத்தி, தம்பியின் முகத்தை வரவழைத்தார்.

"அருள், உந்த ஜேர்மன்காரர் பெண்சாதியை நத்தை, எலி எண்டெல்லாம் கூப்பிடுறவங்களாமே. உண்மையோ? கேவலமில்லையோடா?"

"உது இஞ்ச வழமைதானே அண்ணை," என்றார் அருள்நாயகம் சாதாரணமாக. "பழகிடும்." பிறகு கழுத்தைத் திருப்பி உள்ளே பார்த்து, "மௌஸி! அண்ணை லைனில நிக்கிறார், வாரும்!" என்றார்.

இரத்தினவேல் கைபேசிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். "ஆரடா மௌஸி?"

முப்பத்துமூன்று வருடம் மறைத்து வைத்திருந்தது வாய்தவறி வந்துவிட்டதென்று அருள்நாயகத்தின் முகத்தில் எழுதியிருந்தது.

"ரோகிணிதான், அண்ணை."

"ரோகிணியையோ? அதிபரையோ? சைவசமயப் பாடத்தில மாகாணத்திலேயே முதலா வந்த பிள்ளையை நீ எலி எண்டோ கூப்பிடுறாய்?"

"சின்ன எலி, அண்ணை. எலிக்குட்டி மாதிரி."

"நீ கரவெட்டியில பிறந்தவனோ?"

அப்போது உள்ளேயிருந்து ரோகிணியின் குரல், பள்ளிக்கூடம் முழுவதையும் அடக்கி வைத்திருக்கும் அதே குரல், மிகவும் இனிமையாகக் கேட்டது: "வாறன், பேர்ஷென்!"

"அது... கரடிக்குட்டி," என்றார் பொருளாளர், கேட்காமலே.

இரத்தினவேல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். தொடர்பு அப்படித் துண்டிக்கப்படாது என்பது அவருக்குத் தெரியும்; ஆனாலும் வேறெதையும் செய்யக் கை வரவில்லை. தம்பி கரடி. தம்பி பெண்சாதி எலி. குடும்பத்தில் பாதி காட்டுக்குப் போய்விட்டது, தனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

புனிதவதி மேசையின் மற்றப் பக்கத்தில் போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ரோகிணி எலி," என்றார், வெட்டுவதை நிறுத்தாமல். "நிலாணி நத்தை. நான் என்ன?"

"நீர் என்ன கதைக்கிறீர்? உமக்கு மரியாதை."

"அது சரி," என்றார் புனிதவதி. கத்தி இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே வெயில் முப்பத்திரண்டு. பேவியூ வீதியில் கார்கள் நகரவில்லை. நீக்கிலாஸ்தான் ஓட்டினான். பையனுக்கு நேராக இன்று சொல்லப்போகும் வசனத்தை இரத்தினவேல் பின்னால் இருந்து மனதுக்குள் திருத்திக்கொண்டு வந்தார். 'தம்பி, நீர் நல்ல பிள்ளை, ஆனால்...' என்று தொடங்குவதா, 'ஆனால்' என்றே தொடங்குவதா என்பதுதான் பாக்கி. கோயில் வாசலில் பெரியவர்களை இறக்கிவிட்டு, இளசுகள் கார் நிறுத்த இடம் தேடிப் போனார்கள். புனிதவதியின் தோள்பை காரிலேயே இருந்துவிட்டது. கைபேசியை மட்டும் எடுத்து, சேலையில் வைக்க இடமில்லாததால், கணவரின் சட்டைப்பைக்குள் போட்டார். ஊர்ப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான்.

தேர் தென்மேற்கு மூலை திரும்பியபோது இரத்தினவேல் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணைத் திறந்து பார்த்தால் பக்கத்தில் புனிதவதி இல்லை.

முதலில் அவர் பதறவில்லை. இப்படியான நேரத்துக்கென்றே தமிழ் ஒரு சொல்லை வைத்திருக்கிறதே. நெஞ்சை நிமிர்த்தி, தவில் சத்தத்துக்கு மேலால் கூப்பிட்டார்.

"இஞ்சாரும்!"

பதினொரு பெண்கள் திரும்பினார்கள்.

இரத்தினவேல் இதை எதிர்பார்க்கவில்லை. பட்டுச் சேலை, நூல் சேலை, கண்ணாடி போட்டவர், பால்குடம் வைத்திருந்தவர். பதினொருவரும் முப்பது நாற்பது வருடப் பழக்கத்தில் ஒரே மாதிரி இடது தோளுக்கு மேலால் திரும்பி, ஒரே மாதிரி புருவத்தை உயர்த்தி, தங்கள் மனுசன் இல்லை என்று கண்டதும் ஒரே மாதிரி முகத்தைச் சுருக்கினார்கள். அவர்களில் ஒருத்தி, திரும்புவதற்கு முன்னமே, "வாறனப்பா, ஏன் கத்திறியள்?" என்று பதிலும் சொல்லிவிட்டாள்.

அவர் இடம் மாறி நின்று திரும்பவும் கூப்பிட்டார். இந்தத் தடவை ஒன்பது பேர். அவர்களில் நான்கு பேர் பழையவர்கள். அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்ணை, ஆரைத்தான் தேடுறியள்?"

"மனுசியை."

"அப்ப பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோவன்."

நியாயமான யோசனைதான். இரத்தினவேல் வாயைத் திறந்தார். 'பு' என்ற எழுத்துக்காக உதடு குவிந்தது. அதில் காற்று மட்டும் வந்தது. முப்பத்தொரு வருடம் பூட்டிக் கிடந்த கதவு. பூட்டு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அவர் வாயை மூடி, இன்னொரு தடவை "இஞ்சாரும்" என்றார். ஆனால் முதல் தடவை இருந்த மிடுக்கு அதில் இல்லை.

அப்போதுதான் அவருக்கு உண்மையாகப் பதறத் தொடங்கியது. புனிதவதிக்குச் சீனி வருத்தம். விரதம் என்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்தான். கைபேசியோ தன் சட்டைப்பைக்குள் கிடக்கிறது. எங்கேயாவது மயங்கி விழுந்திருந்தால்?

இடம் மாறி மாறி நின்று கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில் அறிவிப்புக் கூடாரத்துக்கு ஓடினார். ஒலிவாங்கிக்கு முன்னால் தொண்டர் மேலாடையோடு மிதுனன் என்ற இளைஞன் இருந்தான்.

"நோ வொறீஸ் அங்கிள், நாங்கள் அனௌன்ஸ் பண்ணுவம். அன்ரீட நேம் என்ன?"

"நிலாணியின்ர அம்மா."

"இல்லை அங்கிள், அன்ரீட நேம்."

"திருமதி இரத்தினவேல் எண்டு போடும் தம்பி. விளங்கும்."

மிதுனன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். மனைவியின் பெயர் தெரியாத ஒருவரை அவன் அதுவரை கண்டதில்லை. இருந்தாலும் சொன்னபடியே அறிவித்தான்: நிலாணியின் அம்மா, திருமதி இரத்தினவேல், உடனே வரவும்.

ஐந்து நிமிடத்தில் இரண்டு நிலாணிகளின் அம்மாமார் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். ஒருவர் ஒஷாவாவில் இருந்து வந்தவர். தன் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டு மிதுனனின் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். அவர்களுக்குப் பின்னால் ஒரு திருமதி இரத்தினவேலும் வந்தார். இந்த நகரத்தில் இன்னொரு இரத்தினவேல் இருக்கிறார் என்பதே இரத்தினவேலுக்கு அன்றுதான் தெரியும். மூன்று பேரிலும் ஒருவரும் அவருடையவர் இல்லை.

"அங்கிள்," என்றான் மிதுனன், மெல்ல. "நேமைச் சொன்னா ஈசியா இருக்கும்."

இரத்தினவேலின் பார்வை கூட்டத்தின் மறுகரையில் நின்றது. கார் நிறுத்திவிட்டு வந்த நீக்கிலாஸ், நெரிசலில் நிலாணியைத் தவறவிட்டிருந்தான். எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக நின்று அங்குமிங்கும் பார்த்தான். பிறகு கையை வாயருகே வைத்து, தவில் ஓய்ந்த ஒரு கணத்தில், ஒரே ஒரு தடவை கூப்பிட்டான்.

"ஷ்னெக்கெ!"

அத்தனை ஆயிரம் சனத்தில் ஒரு தலை திரும்பியது. அது நிலாணியின் தலை. வேறு ஒருவரும் அசையவில்லை.

இரத்தினவேல் கூடாரத்தை விட்டு வெளியே வந்தார். கால் தன்பாட்டுக்குத் தண்ணீர்ப் பந்தல் பக்கம் போனது. அங்கே, முதல் தடவை அவர் நின்று கூப்பிட்ட இடத்திலிருந்து எட்டு அடி தள்ளி, நிழலில் ஒரு மடக்குக் கதிரையில், மோர்க் குவளையோடு புனிதவதி இருந்தார். ஆறுதலாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சயோ இருக்கிறீர்! உமக்கு ஒண்டுமில்லையே? மயக்கம் கியக்கம்?"

"ஒண்டுமில்லை. தலை கொஞ்சம் சுத்தினது, வந்து இருந்திட்டன்."

"நான் எத்தினை தரம் கூப்பிட்டனான் தெரியுமோ?"

"பதினாறு தரம்."

"கேட்டதோ?"

"ஓம், கேட்டது. எண்ணிக்கொண்டிருந்தனான்."

"பின்ன ஏன் திரும்பேல்லை?"

"என்னைத்தான் கூப்பிடுறியள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் புனிதவதி. குரலில் கோபம் இல்லை. பஸ் நேரம் கேட்பது போலத்தான் கேட்டார். "பக்கத்தில இருந்த மனுசி இரண்டு தரம் எழும்பிப் போய்ப் பாத்திட்டு வந்தவ. நானும் முதல் தரம் எழும்பினனான். பிறகு யோசிச்சன், எனக்கெண்டு ஒண்டைச் சொல்லிக் கூப்பிடுறாரோ பாப்பம் எண்டு. ஒலிபெருக்கியில சொன்னதிலயும் என்ர பேர் இல்லை. இருந்திட்டன்."

வெக்ஸ்போர்ட் மண்டபத்தில் முப்பத்தெட்டுப் பேர் தட்டிய கைதட்டல் இப்போது இரத்தினவேலுக்கு வேறு மாதிரிக் கேட்டது.

"அந்தப் பெடியன் ஒருக்காக் கூப்பிட்டவன்," என்றார் புனிதவதி. "ஒரு பிள்ளைதான் திரும்பினது. நானும் பாத்தனான். இந்தாங்கோ, மோரைக் குடியுங்கோ. நல்லா வேர்த்திருக்கு."

இரத்தினவேல் குடித்து முடிப்பதற்குள் நிலாணியும் நீக்கிலாஸும் வந்துவிட்டார்கள். நிலாணி தகப்பனுக்கு முன்னால் வந்து நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அப்பா. தேர் முடிஞ்சுது."

நீக்கிலாஸ் கைகளைக் கட்டிக்கொண்டு நேராக நின்றான். என்ன வரப்போகிறது என்று நிலாணியின் முகத்தைப் பார்த்தே அவன் ஊகித்திருந்தான். ஓடிப் போகாமல் நின்றான்.

"தம்பி," என்று தொடங்கினார் இரத்தினவேல். "நீர் நல்ல பிள்ளை. ஆனால்..." காரில் வைத்துத் திருத்திய வசனத்தில் அதற்குப் பிறகு என்ன வருகிறது என்பது மறந்துவிட்டது. ஒரு தடவை தொண்டையைச் செருமினார். "உம்மட அம்மா அப்பா வியாழக்கிழமை எத்தினை மணிக்கு இறங்குவினம்?"

"பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்திற்கு, மாமா."

"நாங்கள் வந்து கூட்டியாறம்."

நிலாணி வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தத் தடவை அழுதாள்.

"ஆனால் ஒண்டு," என்றார் இரத்தினவேல். "எலிப்பல்லு மட்டும் மண்டபத்தில வேண்டாம். அந்தப் பல்லில நான் நிறையக் கஷ்டப்பட்டனான்."

"உறுதியளிக்கிறேன், மாமா," என்றான் நீக்கிலாஸ்.

வியாழக்கிழமை விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் நல்ல கூட்டம். இளசுகள் பூங்கொத்தோடு முன்னால் போய்க் கதவடியில் நின்றுவிட்டார்கள். கொழும்பிலிருந்து யாரோ வருகிறார்கள் போலும், இரண்டு மூன்று குடும்பங்கள் சேலையும் குழந்தைகளுமாக வழியை அடைத்துக்கொண்டு நின்றன. அவர்களைத் தாண்டி வந்தபின் இரத்தினவேல் திரும்பிப் பார்த்தார்.

புனிதவதி இருபது அடி பின்னால் வந்துகொண்டிருந்தார். தோளில் அந்தப் பெரிய பை. அதற்குள் தண்ணீர்ப் போத்தல், குடை, மாத்திரை, சம்பந்திகளுக்கு ஒரு டப்பா நிறையப் பயற்றம் பணியாரம், விமான நிலையத்தில் குளிருமென்று ஒரு கம்பளிச் சட்டை. வீட்டில் பாதி அதற்குள் இருந்தது. ஆறுதலாக, ஒருவரையும் இடிக்காமல் நடந்து வந்தவர், கூட்டத்தில் திசை மாறி, விமானம் ஏறுகிறவர்கள் போகும் பக்கமாகத் திரும்பினார்.

இரத்தினவேலின் வாயில் 'இஞ்சாரும்' வந்து நின்றது. சேலைக் குடும்பங்களைப் பார்த்தார். வாயை மூடினார்.

இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். கரவெட்டிக்காரர் ஒருவரும் இல்லை. மூத்தோர் மன்றத்திலிருந்தும் ஒருவரும் இல்லை. எட்டு எட்டில் மனைவிக்குக் கிட்டப் போய், குனிந்து செருப்பைச் சரிசெய்வது போலப் பாவனை பண்ணிக்கொண்டு, நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நத்தை. அந்தப் பக்கமில்லை. இஞ்சால வாரும்."

புனிதவதி நின்றார். வேறு ஒருவரும் திரும்பவில்லை.

அவரும் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

"வாறன்," என்றார்.